கண்டாங்கிச் சேலை விற்கும் இணையதளத்துக்கு எந்த நிறம் பொருந்தும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் அது விளங்க வேண்டும். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்று வரும் உங்கள் குடும்பம் முதன்முறையாக ஓர் இணையதளம் தொடங்கப் போகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த உங்கள் வீட்டுத் தளத்தில் இருக்கும் நிறங்கள் அத்தனையும் அதில் தெரிய வேண்டும் என்கிறார் உங்கள் அப்பா. வெள்ளைப் பின்புலமும் மெல்லிய சாம்பல் எழுத்தும்தான் பார்வைக்கு எடுப்பு என்கிறார் உங்கள் தங்கை. இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு, எந்த நிறத்தை எந்த இடத்தில் வைப்பது, அதை எப்படி முடிவு செய்வது என்று கேட்கிறீர்கள்.

இந்த வட்டாரத்துக் கடைகளுக்குப் பல ஆண்டுகளாக இணையதளம் அமைத்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த நிறம் என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் இடையே எவ்வளவு வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அது சரியாக அமைந்துவிட்டால், அதற்குள் அரக்கு வைத்தாலும் பச்சை வைத்தாலும் தளம் நிற்கும். அது தவறிவிட்டால், எவ்வளவு அழகான நிறத்தைத் தேடிப் பிடித்தாலும் வாங்க வந்தவர் படிக்க முடியாமல் போய்விடுவார். உங்கள் கடையைப் பொறுத்தவரை இரண்டாவதாக ஒன்றையும் தீர்மானிக்க வேண்டும். தளத்தின் நிறம் சேலையின் நிறத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும்தான் விரித்து எழுதப் போகிறேன்.

முதலாவதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தவறிலிருந்து. சில ஆண்டுகளுக்கு முன் பலகாரம் செய்து விற்கும் ஒரு குடும்பத்துக்குத் தளம் அமைத்தேன். வெள்ளைப் பின்புலத்தில் கடையின் பெயரை அரக்கிலும், தொலைபேசி எண்ணைக் கடுகு மஞ்சளிலும் வைத்தேன். என் மேசையில் இருந்த பெரிய திரையில், அறைக்குள்ளே, அந்த மஞ்சள் தேன்போல மின்னியது. பிறகு ஒரு நாள் நண்பகலில் பள்ளத்தூரில் ஒரு வீட்டின் முகப்புத் திண்ணையில், மனகோலமும் சீப்புச் சீடையும் வாங்குவதற்காக ஓர் ஆச்சி அதே பக்கத்தைத் தம் கைபேசியில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைபேசியைத் தூணின் நிழலுக்குத் திருப்பினார்கள். இடது உள்ளங்கையைத் திரையின் மேல் குடையாகப் பிடித்தார்கள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்கள். கடைசியில் என்னிடம், “பேரு தெரியுது தம்பி, நம்பரைக் காணோமே” என்றார்கள். எண் அவர்கள் கண்ணெதிரேயே, பெயருக்கு நேர் கீழே இருந்தது. அன்று மாலையே அதை மாற்றினேன். ஆனால் அதுவரை எத்தனை பேர் அந்த எண்ணைக் காணாமல் பக்கத்தை மூடியிருப்பார்கள் என்ற கவலை இன்னும் எனக்கு உண்டு.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை எண்ணாகவே காட்ட முடியும். திரையில் தெரியும் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் அளவு உண்டு. மூன்றும் 0 என்றால் கருப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் இப்படிக் கிடைக்கும். ஆனால் நம் கண் இந்த மூன்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாகத் தோன்றும் என்பதைக் கணக்கிடும்போது பச்சைக்கு ஏறத்தாழ 72 பங்கும், சிவப்புக்கு 21 பங்கும், நீலத்துக்கு வெறும் 7 பங்கும் தருகிறார்கள். மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது; ஆகவே 100-க்கு 93 பங்கு வெளிச்சம் அதற்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் முழு மஞ்சள் வெள்ளைக்குப் பக்கத்தில் கரைந்துபோகிறது, முழு நீலம் அதே வெள்ளையின் மேல் பளிச்சென்று நிற்கிறது.

உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டி, அதாவது பார்வைக் குறை உள்ளவர் உட்பட எல்லாரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான வழிகாட்டி, இந்த வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்கிறது. ஒரே நிறம் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் விகிதம் 1. வெள்ளையின் மேல் கருப்பு இருந்தால் 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 இருக்க வேண்டும். பெரிய தலைப்பு எழுத்துக்கு 3 போதும். கண்டிப்பான நிலைக்கு 7 வேண்டும். நான் பலகாரக் கடைக்கு வைத்த கடுகு மஞ்சள், சிவப்பு 210, பச்சை 160, நீலம் 30 என்ற கலவை. வெள்ளையின் மேல் அதற்குக் கிடைக்கும் விகிதம் 2.4 மட்டுமே. முழு மஞ்சளுக்கு 1.07, முழுச் சிவப்புக்கு 4, முழு நீலத்துக்கு 8.59. இந்தக் கணக்கை நாம் கையால் போட வேண்டியதில்லை. இரண்டு நிறங்களைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவிகளிலேயே அது இருக்கிறது.

உங்கள் தங்கை கேட்கும் சாம்பலுக்கும் இதே உரைகல்தான். வெள்ளையின் மேல் 118, 118, 118 என்ற சாம்பல் 4.54 பெற்றுத் தேறிவிடும். 119 ஆனால் 4.48 ஆகி விழுந்துவிடும். விற்பனைக்குக் கிடைக்கும் பல ஆயத்த வடிவமைப்புகளில் வரும் 153 சாம்பலுக்கு விகிதம் 2.85 தான். பக்கத்தில் வெற்றிடம் தாராளமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது முற்றிலும் சரி. எழுத்தை மங்கலாக்குவது மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதில் தமிழுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அந்த வழிகாட்டி எந்த மொழியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது அன்று; ஆனால் தமிழ் எழுத்தில் புள்ளி ஒரு சிறு பொட்டு. அந்தப் பொட்டு மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘பட்டு’ என்பது ‘படடு’ என்று தெரியும். ‘பால்’ என்பது ‘பால’ ஆகும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழியில்தான் வேறுபாடு. மெல்லிய எழுத்துருவில், மங்கிய நிறத்தில், கைபேசியின் அளவில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொடர்ந்து படிக்க வேண்டிய தமிழ் உரைக்கு 4.5 போதும் என்று நான் விட்டுவிடுவதில்லை. 7-க்குக் கீழே வைக்கவே கூடாது என்பது என் அனுபவம். விலை, அளவு, திருப்பி அனுப்பும் விதி, தொலைபேசி எண் ஆகிய நான்கும் 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

இனி உங்கள் அப்பாவின் விருப்பத்துக்கு வருகிறேன். அதை நான் மதிக்கிறேன். அதில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். முகப்பிலிருந்து வளவை, அதாவது வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தைப் பார்த்தபடி உங்கள் வீட்டைக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் எந்த நிறம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரின் வெண்மைதான் பெரும்பகுதி. அடுத்தது பர்மாத் தேக்குத் தூண்களின் கருமை. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் தரையில், அதிலும் ஓரத்தில் பதிக்கும் கரைக்கல்லில்தான் செறிந்திருக்கும். மேலே கண்ணாடிச் சன்னலில் ஒரு துளி நீலமோ பச்சையோ இருக்கலாம். எல்லா நிறமும் நிறைந்த வீடு என்று நம் மனத்தில் பதிந்திருப்பது உண்மையில் வெண்மை நிறைந்த வீடு. அந்த வெண்மை விரிந்து கிடப்பதால்தான் தரையின் நிறங்கள் நினைவில் தங்குகின்றன. அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டிப் பேசினால், அவரும் தங்கையும் நினைப்பது ஏறக்குறைய ஒன்றே என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

ஆத்தங்குடிக் கல்லில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அங்கே கல் வார்ப்பதை அருகில் நின்று பார்த்திருந்தால் தெரியும். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமெண்டோடு கரைத்த சாயத்தைச் சிறு கரண்டியால் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஊற்றுவார்கள். அச்சை நேராகத் தூக்கி எடுத்தபின் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கலவையை வைத்து அமுக்கிக் காய வைத்து, தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சூளையில் சுடுவது கிடையாது. கடைசியில் கண்ணாடியை நகர்த்தி எடுக்கும்போது, அதன் வழவழப்பு முழுவதும் கல்லின் முகத்தில் ஏறியிருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது சிமெண்ட். சிவப்பானாலும் மஞ்சளானாலும் பச்சையானாலும் எல்லாச் சாயமும் அதே சிமெண்டில் கரைந்ததால், எல்லாவற்றின் கூர்மையும் ஒரே அளவுக்கு அடங்கியிருக்கிறது. ஐந்து நிறம் ஒரே கல்லில் சண்டையிடாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். திரையில் தனித்தனியாக முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு மஞ்சள் என்று தட்டி எடுத்தால் அந்த அடக்கம் வராது. திருவிழாச் சீரியல் விளக்கு போலத்தான் வரும். நிறத் தேர்வுக் கட்டத்தில் செறிவு (Saturation) என்று ஓர் அளவு இருக்கும். நீங்கள் எடுக்கும் எல்லா நிறங்களிலும் அதை ஒரே அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். சிமெண்ட் செய்யும் வேலையை அது செய்யும்.

நான் உங்கள் தளத்துக்கு நான்கு நிறங்களைத்தான் பரிந்துரைப்பேன். பின்புலம் சுண்ணாம்பு வெள்ளை: 250, 246, 238. எழுத்து தேக்கின் கருமை: 40, 28, 22. இந்த இரண்டுக்கும் இடையே விகிதம் 15-க்கு மேல் வருகிறது. முழுக் கருப்பை முழு வெள்ளையின் மேல் வைப்பதைவிடக் கண்ணுக்கு இதம், படிக்கவும் தடையில்லை. மூன்றாவது அரக்கு: 130, 32, 38. வாடிக்கையாளர் தொட வேண்டிய இடங்களுக்கு மட்டும் இதை வையுங்கள். ‘கூடையில் சேர்’, ‘பணம் செலுத்து’, ‘அழைக்க’ என்ற பொத்தான்கள் அரக்கில் இருக்கட்டும். வேறு எந்த அலங்காரத்துக்கும் அரக்கைத் தொடாதீர்கள். பின்புலத்தின் மேல் அரக்கின் விகிதம் 8.9, அரக்குப் பொத்தானின் மேல் வெள்ளை எழுத்துக்கு 9.6. நான்காவது நான் முன்பு தவறாகப் பயன்படுத்திய அதே கடுகு மஞ்சள். அதைக் கோட்டுக்கும் கரைக்கும் தலைப்புப் பட்டைக்கும் வையுங்கள். வெளிர் பின்புலத்தில் எழுத்தாக மட்டும் வைக்காதீர்கள். மஞ்சள் பட்டையின் மேல் தேக்குக் கருமையில் எழுதினால் 6.9 கிடைக்கிறது, அது தலைப்புக்குத் தாராளம். அரக்கின் மேல் மஞ்சள் எழுத்து என்பது சேலையில் நமக்குப் பழகிய அழகான சேர்க்கை. ஆனால் விகிதம் 4 தான். ஆகவே கடைப் பெயருக்குப் பெரிதாக எழுதலாம், விலைக்கு எழுதக் கூடாது.

இதில் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. அரக்குக்கும் தேக்குக் கருமைக்கும் இடையே விகிதம் 1.7 மட்டுமே. ஒரு பத்திக்கு நடுவே அரக்கில் ஓர் இணைப்பு வைத்தால், வெயிலில் அது சுற்றியுள்ள எழுத்தோடு கலந்துவிடும். அதற்கு அடிக்கோடு இட்டால் போதும். இணைப்புக்கு அடிக்கோடு பழையதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அதேபோல் அரக்கு உங்கள் கடையின் நிறமாகிவிட்டபின், பிழைச் செய்தியைச் சிவப்பில் காட்டினால் அது பிழையா பொத்தானா என்று தெரியாது. ‘அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமாக இருக்க வேண்டும்’ என்று சொல்லாலேயே எழுதி, பக்கத்தில் ஒரு எச்சரிக்கைக் குறியும் வைத்துவிடுங்கள்.

இப்போது சேலைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் தளத்தின் வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது. பிரான்சில் கோபெலின் என்ற புகழ்பெற்ற நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரெல் என்ற வேதியியலாளர் 1824-இல் பொறுப்பேற்றார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்த கருப்பு நூல் கருப்பாகவே இல்லை, வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார் இருந்தது. அவர் மற்ற இடங்களின் கருப்பு நூலோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நூலின் நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலைக் கருப்பின் மேல் ஏற்றிவிட்டது. கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்திலிருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கிறது என்பதை விளக்கி அவர் 1839-இல் பெரியதொரு நூலே வெளியிட்டார். நம் ஊர்த் தறிக்காரர்களுக்கு இது புதிதன்று. அதே மஞ்சள் நூல் கருப்புக் கட்டத்துக்குள் எரிவதுபோலவும், வெள்ளைக் கட்டத்துக்குள் வாடியதுபோலவும் தெரியும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

இதை உங்கள் தளத்தில் வைத்துப் பாருங்கள். பக்கம் முழுவதும் கடுகு மஞ்சளாக இருந்தால் அதன்மேல் வைத்த மாம்பழ மஞ்சள் சேலை சோர்ந்து தெரியும். அரக்குச் சேலையில் சற்றே ஊதா ஏறியதுபோல் இருக்கும். சிவப்புப் பின்புலத்தில் பச்சைக் கரை உண்மையைவிட அதிகமாகக் கூச்சலிடும். வாங்கியவர் வீட்டில் பெட்டியைப் பிரித்ததும், ‘படத்தில் பார்த்த நிறம் இது இல்லையே’ என்பார். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கிக்கு அந்தப் பெயர் வரக் கூடாது. ஆகவே சேலைப் படங்கள் வரும் பக்கங்களில் மட்டும், சுண்ணாம்பு வெள்ளையில் இருக்கும் அந்தச் சிறு மஞ்சள் சாயலையும் நீக்கிவிட்டு 244, 244, 244 என்ற நடுநிலைச் சாம்பல் வெள்ளையை வையுங்கள். தேக்குக் கருமை எழுத்து அதன்மேலும் 15-ஐத் தாண்டும். படத்தைச் சுற்றி மஞ்சள் கரையும் வேண்டாம், அரக்குச் சட்டமும் வேண்டாம்.

படம் எடுக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நிறம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கடைக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் வெள்ளைக் கட்டம் சந்தனமாகிவிடும். வளவில், திறந்த வானத்தின் வெளிச்சம் படும் இடத்தில், நேர் வெயில் விழாத காலைப் பொழுதில் எடுங்கள். ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவந்த ஆத்தங்குடித் தளத்திலிருந்து கிளம்பும் வெளிச்சம் சேலையின் கீழ்மடிப்பில் சிவப்பை ஏற்றும். ஒரு சேலையை அங்கே கொடியில் தொங்கவிட்டுக் கரைக்கு அடியில் உற்றுப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். தரையில் இரண்டு வெள்ளை வேட்டிகளை விரித்துவிட்டு எடுத்தால் அது நீங்கிவிடும். முதல் படத்தில் சேலையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துக்கொண்டால், பிறகு திருத்தும்போது தாள் வெள்ளையாகும்வரை சரிசெய்து, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் கொடுத்துவிடலாம்.

படத்தைச் சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிறவெளியில் சேமியுங்கள். நிறவெளி என்பது எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்ற வரையறை. ஹியூலட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்து 1999-இல் பன்னாட்டுத் தரமான இது, பெரும்பாலான திரைகளும் உலாவிகளும் தாமாகவே எடுத்துக்கொள்ளும் பொது அளவுகோல். 2016-இல் வந்த ஐபோன் 7 தொடங்கி, சில கைபேசிகள் இதைவிட விரிந்த நிறவெளியில் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தைச் சுருக்கித் தளத்தில் ஏற்றும்போது நிறவெளிக் குறிப்பு உதிர்ந்துபோனால், சேலை வெளிறித் தெரியும். மாற்றிச் சேமிப்பது ஒரு நிமிட வேலை.

சேலைகளை நிறவாரியாகத் தேடும் வசதி வைப்பீர்கள். அங்கே வெறும் வட்டப் பொட்டுகளை வரிசையாக வைத்து நிறுத்திவிடாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை நிறக்குறைபாடு உண்டு. அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களுக்கு இது குறைவு. ஆனால் மனைவிக்கும் அம்மாவுக்கும் சேலை வாங்க வரும் ஆண்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தாமே. ஒரு சோதனை செய்து பாருங்கள். 200, 0, 0 என்ற சிவப்பையும் 0, 115, 0 என்ற பச்சையையும் பக்கம் பக்கமாக வைத்து, கைபேசித் திரையைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும்; அவற்றுக்கிடையே விகிதம் 1. இருப்பு உண்டு என்பதைப் பச்சைப் பொட்டாலும் இல்லை என்பதைச் சிவப்புப் பொட்டாலும் மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்று இப்போது விளங்கும்.

ஆகவே ஒவ்வொரு பொட்டின் கீழும் பெயரை எழுதுங்கள். இதற்கு நாம் புதிதாக ஒன்றும் தேட வேண்டியதில்லை. அரக்கு, பாக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, மயில்கழுத்து என்று கடையில் நீங்கள் நாள்தோறும் சொல்லும் பெயர்களே போதும். ‘மெரூன் 2’, ‘பச்சை டார்க்’ என்று எழுதுவதைவிட அவை துல்லியமானவை. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு கடைக்குள் வந்து உட்கார்ந்த உணர்வையும் தரும். மயில்கழுத்துக்கு மட்டும் பொட்டு உதவாது. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறமும் ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறமுமாக நெய்த துணி, மடிப்புக்கு மடிப்பு மாறித் தெரியும். அதை ஒற்றை நிறத்தில் அடைக்க முடியாது. துணியின் மடிப்பையே நெருங்கி ஒரு சிறு படமாக எடுத்து அந்த இடத்தில் வையுங்கள்.

நம் மக்களின் கண்ணுக்கு நிறம் என்னவெல்லாம் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கண்டாங்கியில் கருப்பு மரபான நிறம், அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அறிவிப்பு ஒன்றை வெள்ளைப் பின்புலத்தில் எழுதி, சுற்றிலும் தடித்த கருப்புக் கட்டம் போட்டால், பார்ப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான் நினைவுக்கு வரும். கருப்பும் சிவப்பும் சரிபாதியாக ஒன்றன்கீழ் ஒன்று வந்தால் கட்சிக் கொடி நினைவுக்கு வரும். எல்லாக் கட்சிக்காரரும் சேலை வாங்கும் கடை உங்களுடையது. மஞ்சள் ஓரம் எப்போதும் நல்லது. அழைப்பிதழின் மூலையில் மஞ்சள் தடவி அனுப்பும் வழக்கத்தோடு அது சேர்ந்துகொள்ளும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப் பொத்தானை அதன் பச்சையிலேயே வைக்கலாம், ஆனால் அந்தப் பச்சையின் மேல் வெள்ளை எழுத்துக்கு விகிதம் 2-ஐக்கூட எட்டாது. ஆகவே பச்சையில் குறியை மட்டும் வைத்து, ‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’ என்பதைப் பக்கத்தில் கருமையில் எழுதுங்கள். பலர் கைபேசியை இருள் தோற்றத்தில் வைத்திருப்பார்கள். அதற்கென்று தனி நிறத்தொகுப்பு அமைக்க முடிந்தால் அமையுங்கள்; முடியாவிட்டால் தளம் வெளிர் தோற்றத்துக்கு மட்டுமே உரியது என்று நிரலில் அறிவித்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சில உலாவிகள் தாமாகவே நிறங்களைப் புரட்டிப் பார்க்கும். தளம் அமைப்பவரிடம், நிறங்களை ‘மஞ்சள்’, ‘அரக்கு’ என்று பெயரிடாமல் ‘பின்புலம்’, ‘எழுத்து’, ‘செயல்’, ‘கரை’ என்று அவற்றின் வேலையால் பெயரிடச் சொல்லுங்கள். நாளைக்கு அரக்கை மாற்றி வேறு நிறம் வைக்க நேர்ந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் முடிந்துவிடும்.

ஆத்தங்குடிப் பூவேலைக்கும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கரைக்கல்லையே நேர்மேலிருந்து படமெடுத்து, பக்கத்தின் அடியில், முகவரிக்கு மேலே, ஒரு கல் அகலத்துக்கு வரிசையாக ஓட விடுங்கள். குடும்பத்தைப் பற்றிய பக்கத்தில் வளவின் படம் முழு நிறத்தோடு பெரிதாக வரட்டும். அங்கே சேலை விற்பனை இல்லை; ஆகவே எந்த நிறமும் எதையும் கெடுக்காது. சேலை அனுப்பும் அட்டைப் பெட்டியின் உள்மூடியிலும் அதே பூவை அச்சிடலாம். அப்பாவுக்கு அது இன்னும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தளத்தை வெளியிடுவதற்கு முன் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் நண்பகலில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவருடைய சொந்தக் கைபேசியைக் கொடுத்து, ஒரு சேலையின் விலையையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் படிக்கச் சொல்லுங்கள்; நீங்கள் வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே கண்ணைச் சுருக்குகிறாரோ அந்த இடத்து எழுத்தை இன்னும் கருமையாக்குங்கள். மறுநாள் காலை பத்துச் சேலைகளை வளவில் விரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் படத்தை இரண்டு மூன்று வெவ்வேறு கைபேசிகளில் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். எவ்வளவு முயன்றாலும் இரண்டொரு சேலை ஒத்துவராது; அடர்ந்த அரக்கும் வாடாமல்லியும் பெரும்பாலும் அடம்பிடிக்கும். அவற்றின் படத்துக்குக் கீழே, கடையில் வந்தவரிடம் சொல்வதுபோலவே எழுதிவிடுங்கள்: “கரை படத்தில் தெரிவதைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கும், உடல் நிறம் படத்தில் உள்ளபடியே.”